நடுவில் இருக்க வேண்டிய மேடு

என் அண்ணாவுக்குக் கண் தெரியவில்லை என்பதை முதலில் ஒருவரும் நம்பவில்லை. நம்பாததற்குக் காரணமும் இருந்தது. எங்கள் ஊரான சல்லியில் அவரைப்போலப் படகைக் கரைக்கு விடுகிறவர்கள் குறைவு. அலையின் முதுகில் வந்து, சரியான நேரத்தில் எஞ்சினைத் தூக்கி, ஒரு கல்லிலும் முட்டாமல் மணலில் ஏற்றிவிடுவார். அதே ஆள் கரைக்கு இறங்கியதும் வலையில் சிக்கிய சின்ன மீனைக் கழற்றத் தெரியாமல் தடவுவார். தூண்டிலில் நூல் கட்டுகிற வேலையைப் பக்கத்தில் நிற்பவரிடம் தள்ளிவிடுவார். தேத்தண்ணியைப் பேணிக்கு வெளியே ஊற்றுவார். கடையில் சீனிக்குப் பதிலாக உப்பை எடுத்துக்கொண்டு வந்ததற்கு அவருடைய மனைவி, எனக்கு மச்சாள், அன்று முழுக்க வாய் ஓயவில்லை.

கடலில் தெரிகிற கண் கரையில் மட்டும் தெரியாதோ என்று சனம் கேட்டது. பஞ்சி, வேலை செய்யச் சோம்பல் என்றார்கள். மகன் கட்டாரிலிருந்து காசு அனுப்புகிறான், இனி மீன் கழற்ற மனுசனுக்குக் கை கூசுகிறது என்றார்கள். குடி என்றும் சொன்னார்கள். அதில் கொஞ்சம் உண்மை இருந்தபடியால் அந்தக் கதைதான் நன்றாக ஒட்டிக்கொண்டது. கண் காட்டப் போன இடங்களில் எல்லாம் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார்கள். விழித்திரை சுத்தமாக இருக்கிறது, ஒரு புள்ளிகூட இல்லை என்றார்கள். கண்ணாடியை மாற்றிக் கொடுத்தார்கள். புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வலைக்குள் கையை விட்ட அண்ணா கெளிற்று மீனின் முள்ளில் குத்துப்பட்டு, கை வீங்கி வந்தார்.

"மீனைக் கையிலை தூக்கிப் பாத்தா வால் தெரியுது, தலை தெரியுது. நடு உடம்பைக் காணேல்லை" என்று அவர் ஒருநாள் என் வீட்டுக் குசினிக் கதிரையில் இருந்துகொண்டு சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

"கறுப்பா மறைக்குதோ அண்ணா?"

"கறுப்பும் இல்லை, வெள்ளையும் இல்லை. அந்த இடம் இல்லை. அவ்வளவுதான்."

குடிகாரன் அப்படிச் சொல்ல மாட்டான். பஞ்சி பிடித்தவனும் சொல்ல மாட்டான். எனக்கு அது தெரிந்ததற்குக் காரணம் என் வேலை. நகரத்தில், உள்துறைமுகத்தைப் பார்த்தபடி நிற்கிற ஒரு கண் சிகிச்சை நிலையத்தில் நான் பரிசோதனை எடுக்கிறவள். டொக்டரும் இல்லை, தாதியும் இல்லை. கண்ணில் மெல்லிய கம்பி வைத்து மின்சாரம் அளக்கிறவள். அன்புவழிபுரத்தில் என் பக்கத்து வீட்டுக்காரி நான் ஆட்களுக்குக் கரண்ட் அடிக்கிறேன் என்றுதான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறாள். நாங்கள் ஒருவருக்கும் கரண்ட் கொடுப்பதில்லை. வெளிச்சம் படும்போது கண்தான் எங்களுக்குத் தருகிறது. மிக மிகச் சிறிய அளவு. அதைப் பிடித்துப் பெருப்பித்துப் படமாக்குவது மெஷினின் வேலை, பிடிக்க விடாமல் குழப்புகிற ஆட்களை அமத்தி வைத்திருப்பது என் வேலை.

வாரத்தில் ஒரு நாள் எங்களிடம் வருகிற டொக்டரிடம் அண்ணாவைக் கூட்டிப் போனேன். நல்ல மனிதர். தமிழ் அவருக்கு "மேல பாருங்க, கீழ பாருங்க" என்கிற அளவில்தான் வரும், மீதியைச் சிங்களத்தில் எனக்குச் சொல்வார், நான் நோயாளிக்குச் சொல்வேன். அவரும் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, கண் சுத்தமாகத்தான் இருக்கிறது என்றார். ஆனால் மற்றவர்களைப் போல அதோடு விடவில்லை. இரண்டு வழி இருக்கிறது என்றார். ஒன்று, விழித்திரை நன்றாக இருந்து, அதிலிருந்து மூளைக்குப் போகிற நரம்பு நொந்துபோயிருக்கலாம். குடியும் புகையிலையும் சரியான சாப்பாடு இல்லாததும் சேர்ந்து அப்படிச் செய்யும். அதற்கு விற்றமின் ஊசி போட்டு, குடியையும் புகையிலையையும் நிறுத்தினால் பார்வை திரும்பலாம். மற்றது, விழித்திரையின் நடுப் பகுதியே செத்துக்கொண்டிருக்கலாம். சிலருக்கு வெளியே ஒரு அடையாளமும் காட்டாமல் அது நடக்கும். அதற்கு மருந்து இல்லை. எது என்று கண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது, உங்கள் மெஷின்தான் சொல்ல வேண்டும் என்று என்னைப் பார்த்துச் சொன்னார். நான் அதை அப்படியே தமிழில் அண்ணாவுக்குச் சொன்னேன். மருந்து இல்லை என்ற இடத்தில் மட்டும் என் குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது.

அன்றைக்கே அண்ணா புகையிலை வைத்திருந்த வெற்றிலைப் பையைத் தூக்கி மதிலுக்கு வெளியே எறிந்தார். குடியும் நின்றது. நரம்பாக இருக்கட்டும், குடியாலே வந்ததாகவே இருக்கட்டும் என்று அவர் வேண்டிக்கொண்டார். குடித்ததற்காக ஊர் முழுக்கத் திட்டு வாங்கிய மனுசன், எல்லாப் பழியும் அந்தக் குடியின் மேலேயே விழட்டும் என்று ஆசைப்பட்டார். "கண் வருதோ இல்லையோ, ஒரு தொல்லை துலைஞ்சுது" என்று மச்சாள் பகிடி விட்டார். சொல்லிவிட்டு முத்துமாரி அம்மனுக்குப் பொங்கலும் நேர்ந்தார்.

பரிசோதனைக்கு முதல் அவர்கள் வீட்டுக்குப் போனபோது இருவரும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். மெஷின் என்ன காட்டும், எப்படிக் காட்டினால் நல்லது, சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும் என்றார்கள். அப்போது எனக்கு முன்னால் சோற்றுக் கோப்பை இருந்தது. சோற்றைக் குவித்துக் காட்டினேன். நல்ல கண் என்றால் படம் இப்படித்தான் வரும், நடுவில் மேடு, சுற்றிவர இறக்கம். நடுவில்தான் கண் ஆகக் கூடுதலாகக் கரண்ட் தரும். பிறகு மேட்டுக்கு வலப்பக்கம் தள்ளி ஒரு விரலால் குத்தினேன்.

"அதேன் மச்சாள் அதிலை ஒரு குழி?" என்று மச்சாள் பதறினார். அவர் என்னையும் மச்சாள் என்றுதான் கூப்பிடுவார்.

"அது எல்லாருக்கும் இருக்கு. நரம்பு வெளியிலை போற இடம். எனக்கும் இருக்கு, உங்களுக்கும் இருக்கு. அந்த ஒரு குழியாலை ஒண்டும் இல்லை."

"அப்ப எது கூடாது?"

நான் நடு மேட்டில் பெருவிரலை வைத்து அமத்தினேன். சோறு நசிந்து பள்ளமானது. மச்சாள் என் கையில் ஒன்று போட்டார்.

"சோத்திலை விளையாடாதைங்கோ."

நடுவில் மேடு என்றால் நரம்பு, அதாவது ஊசி. நடுவில் பள்ளம் என்றால் ஒன்றும் இல்லை. இவ்வளவுதான் விசயம். அவர்களுக்கு அது நன்றாக விளங்கிவிட்டது. விளங்காமல் இருந்திருந்தால் பிறகு நடந்ததில் பாதியாவது நடவாமல் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றும்.

பரிசோதனை நாளில் இருவரும் கோயிலுக்குப் போவதுபோல உடுத்திக்கொண்டு வந்தார்கள். வாசலில் நகரத்துக்குள் திரிகிற மான்கள் நின்று குப்பைப் பையைக் கிழித்துக்கொண்டிருந்தன. அவற்றைக் கலைத்துவிட்டு உள்ளே கூட்டி வந்தேன். அண்ணாவின் கண்ணில் மருந்து விட்டு, கண்மணி விரியும்வரை இருத்தி வைத்து, நெற்றியிலும் கண்ணோரத்திலும் பசை தடவிக் கம்பிகளை ஒட்டினேன். விறைப்பு மருந்து விட்டபின் கீழ் இமையின் உள்பக்கமாக மயிரைப் போன்ற ஒரு நூலை வைத்தேன். அதுதான் கண்ணின் மின்சாரத்தைப் பிடிக்கிற நூல். மச்சாளை அறைக்குள் விடுவது வழக்கம் இல்லை. அவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற நிலையைப் பார்த்து, மூச்சுக் காட்டாமல் மூலையில் இருக்கச் சொன்னேன்.

வலக்கண்ணை முதலில் எடுத்தோம். இடக்கண்ணை மூடிக் கட்டினேன். அறையின் வெளிச்சத்தைக் குறைத்துத் திரையைப் போட்டேன். தேன்வதையில் உள்ளதுபோல ஆறு மூலைக் கட்டங்கள் திரை நிறைய வரும், ஒவ்வொன்றும் தன் பாட்டில் கறுப்பும் வெள்ளையுமாக மின்னும். நடுவில் சிவப்பாக ஒரு சின்னக் குறி இருக்கும். அதை விட்டுப் பார்வை அசையக் கூடாது. அசைந்தால் எந்தக் கட்டத்துக்கு எந்த இடம் பதில் சொல்கிறது என்பது குழம்பிவிடும்.

"நடுவிலை குறி தெரியுதோ அண்ணா?"

அவர் கொஞ்ச நேரம் தேடினார். பிறகு, "ஓம், ஓம். வடிவாத் தெரியுது" என்றார்.

எனக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல இருந்தது. நடுவைக் காணவில்லை என்றவருக்குக் குறி தெரிகிறது. புகையிலையை விட்டதற்கே இவ்வளவு என்றால் ஊசிக்கு எவ்வளவு என்று மனம் எங்கேயோ ஓடியது. துண்டு துண்டாகப் பதிவு எடுத்தேன். கண் வெட்டச் சொன்னபோது வெட்டினார், பார்க்கச் சொன்னபோது பார்த்தார். கடலில் நின்று பழகிய உடம்பு, சிலை மாதிரி இருந்தது. இவ்வளவு சுத்தமான பதிவு எனக்கு அபூர்வமாகத்தான் கிடைக்கும். படம் திரையில் எழும்பியது.

நடுவில் மேடு இருந்தது. பெரிய மேடு இல்லை, ஆனால் மேடுதான்.

"மேடு! மச்சாள், மேடு இருக்கெல்லோ?" மூலையில் இருந்த மச்சாள் எழும்பிவிட்டார். "என்ரை முத்துமாரித் தாயே!" என்று இரண்டு கையையும் தலைக்கு மேலே கூப்பிக்கொண்டு அழத் தொடங்கினார். அண்ணா கம்பிகளோடு அசையாமல் இருந்தபடி, "உண்மையோ தங்கச்சி? உண்மையோ?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

நான் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கண்ணுக்கு ஒரு குழிதான். இதில் இரண்டு இருந்தன. நரம்புக் குழி வலது ஓரத்தில் இருக்க வேண்டும், அது நடுவுக்குக் கிட்ட வந்து நின்றது. இன்னொன்று இடப்பக்க மேல் மூலையில். அகலமாக, ஆழமாக, அந்த இடத்தில் இருக்க ஒரு நியாயமும் இல்லாத பள்ளம். முழுப் படத்தையும் யாரோ ஒரு பக்கம் இழுத்துவிட்டதுபோல இருந்தது. எனக்கு விளங்கிவிட்டது. விளங்காததுபோல இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தக் கொஞ்ச நேரத்தில் அறைக்குள் இரண்டு பேர் சந்தோசமாக இருந்தார்கள்.

"அண்ணா, குறியை நேரேதான் பாத்தனீங்களோ?"

"நேரே பாத்தா என்னண்டு தெரியும்?" என்றார் அவர், நான் என்னவோ விசர்க் கேள்வி கேட்டுவிட்டதுபோல. "கொஞ்சம் மேலாலை, இடப்பக்கத்தாலை பாத்தனான். வடிவா நிண்டுது."

பிறகு சந்தோசத்தில் விளக்கமும் சொன்னார். இரவுக் கடலில் தூரத்தில் ஒரு படகின் விளக்கு மங்கலாகத் தெரிந்தால் அதை நேரே பார்க்கக் கூடாதாம். நேரே பார்த்தால் மறைந்துவிடுமாம். சற்றுத் தள்ளிப் பார்த்தால்தான் நிற்குமாம். கடலுக்குப் போகிற எல்லோரும் அப்படித்தான் பார்ப்பார்களாம். நடுப் பார்வை போகப் போக அவர் பகலிலும் அப்படியே பார்த்துப் பழகிவிட்டார். படகைக் கரைக்கு விட்டதும் அப்படித்தான். இங்கே அறையும் இருட்டு, குறியும் சின்னது. குறியைப் பார் என்று நான் சொன்னேன், ஒரு கடற்காரன் எப்படிப் பார்ப்பானோ அப்படிப் பார்த்திருக்கிறார். ஏமாற்ற வேண்டும் என்ற நினைப்பு அவருக்குக் கடுகளவும் இல்லை.

சொல்ல வேண்டிய ஆள் நான்தான். "அண்ணா, இந்தப் படம் சரியில்லை" என்றேன். நடுவில் தெரிகிற மேடு நடுவின் மேடு இல்லை, அவர் திரும்பிப் பார்த்ததால் பக்கத்து நல்ல இடம் நடுவுக்கு வந்திருக்கிறது, உண்மையான நடு அந்த மூலையில் கிடக்கிறது என்று சொன்னேன். மச்சாளின் கை அப்படியே கூப்பியபடி நின்றது.

"அதை ஆர் கண்டது? இந்தப் படத்தையே குடுங்கோ மச்சாள்" என்றார். "டொக்டர் ஊசியைப் போடட்டும். ஊசியாலை என்ன கெடுதல் வரப் போகுது? போட்டுப் பாக்கட்டுமே."

"அப்பிடிக் குடுக்க ஏலாது."

"ஏன் ஏலாது? உங்கடை கூடப்பிறந்த அண்ணனெல்லோ!"

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "கூடப்பிறந்தபடியால்தான் ஏலாது! இது சாத்திரம் பாத்து நல்ல சொல்லுச் சொல்லுற இடமில்லை" என்று கத்திவிட்டேன். வெளியே காத்திருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். அந்தக் கோபம் மச்சாள் மீது இல்லை. அவர் கேட்டதைத்தான் நானும் அதற்கு ஒரு கணம் முன்னால் எனக்குள்ளே கேட்டுக்கொண்டு நின்றேன்.

அண்ணாதான் எங்கள் சண்டையை நிறுத்தினார். "நீ திருப்பி எடு தங்கச்சி. என்ன செய்யோணும் சொல்லு."

"நேரே பாக்கோணும் அண்ணா."

"நேரே பாத்தா குறி இல்லை."

"இல்லாத இடத்தைத்தான் பாக்கோணும்."

அப்படிப் பார்க்க முடியாதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. திரையின் மூலைக்கு மூலை இரண்டு பெரிய கோடுகளைப் போட்டேன். நடுவில் அவை ஒன்றையொன்று வெட்டும். நடுவைக் காணாத கண்ணுக்கும் கோடுகளின் நுனிகள் தெரியும். நாலு நுனியையும் வைத்து அவை எங்கே சந்திக்கும் என்று மதித்து, அந்த இடத்தில் பார்வையை வைத்திருங்கள் என்றேன். பலருக்கு இதைச் சொல்லி விளங்கப்படுத்தவே பெரும் பாடு. அண்ணாவுக்கு ஒரு சொல் போதுமாக இருந்தது.

"ஓ, கல்லுப் பிடிக்கிற மாதிரி" என்றார்.

மீன் கூடுகிற கல் கடலுக்கு அடியில் கிடக்கும், மேலே தெரியாது. கரையில் கோபுரத்தையும் அதன் பின்னால் நிற்கிற ஒரு மரத்தையும் ஒரே நேரில் கொண்டுவந்து ஒரு கோடு பிடிப்பார்கள். மலையையும் ஒரு வெள்ளைக் கட்டடத்தையும் வைத்து இன்னொரு கோடு. இரண்டும் வெட்டுகிற இடத்தில் தண்ணீரைத் தவிர ஒன்றும் இருக்காது, ஆனால் அங்கேதான் நங்கூரம் விட வேண்டும். ஜிபிஎஸ் கருவியின் எழுத்துகள் தெரியாமல் போனபின் அண்ணா அந்த வழியில்தான் தொழில் செய்துகொண்டிருந்தார்.

அவர் பார்வையை மெதுவாகக் கொண்டுவந்து ஓரிடத்தில் விட்டார். பிறகு அசையவில்லை. மாதக்கணக்காக அவர் அந்த இடத்தைத் தவிர்த்துத் தவிர்த்து, அதைச் சுற்றிச் சுற்றித்தான் உலகத்தைப் பார்த்து வந்திருக்கிறார். இப்போது நான் அவரைப் பிடித்து இருத்தி, கண்ணில் நூலைப் போட்டு, அதற்குள்ளேயே பார்க்கச் சொன்னேன். "என்ன தெரியுது அண்ணா?" என்று வழக்கமாகக் கேட்கிற கேள்வியைக் கேட்டேன். "ஒண்டுமில்லை" என்றார். "சரி. அதையே பாருங்கோ" என்றேன். பதிவைத் தொடங்கினேன்.

இடையில் மெஷினில் ஓடிய மின் அலைகள் குழம்பின. அழுகிறார் என்று தெரிந்தது. கண்ணில் நீர் நிறைந்தால் நூல் நகர்ந்து பதிவு கெட்டுவிடும். துடைத்துவிட்டு, "அழக் கூடாது அண்ணா, பதிவு பழுதாகும்" என்று சொன்னேன். வேறு நோயாளிகளுக்குச் சொல்கிற அதே குரலில் சொன்னேன். அவர் ஓம் என்று தலையாட்டப் போய், தலையும் ஆட்டக் கூடாது என்பது நினைவு வந்து நிறுத்திக்கொண்டார். நான் அவருக்குப் பின்னால் நின்றபடியால் என் முகத்துக்கு ஒரு கட்டுப்பாடும் இருக்கவில்லை.

இரண்டாவது படம் வந்தது. நரம்புக் குழி அதன் இடத்தில், வலது ஓரத்தில், இருக்க வேண்டியபடி இருந்தது. அதைப் பார்த்தாலே பார்வை நடுவில்தான் நின்றது என்பது உறுதி. இவ்வளவு நேர்த்தியாகப் பார்வையை நிறுத்தியவர்களை நான் கண்டது குறைவு. நடுவில் பள்ளம்.

படத்தில் என்ன இருக்கிறது என்று நோயாளிக்கு நான் சொல்லக் கூடாது. அது டொக்டரின் வேலை. அண்ணா தலையைச் சரித்துத் திரையை ஓரத்தால் பார்த்தார். "நீ சோத்திலை பெருவிரலாலை அமத்தின மாதிரியோ?" என்று கேட்டார். "ஓம் அண்ணா" என்றேன். இடக்கண்ணையும் எடுத்தேன். அதுவும் அப்படியே.

டொக்டர் இரண்டு கண்ணின் படங்களையும் நெடுநேரம் பார்த்தார். பிறகு சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார், நான் தமிழில் சொன்னேன். நரம்பு இல்லையாம். விழித்திரையாம். ஊசி வேண்டாமாம். சுற்றுப் பார்வை இருக்குமாம், நடு இனித் திரும்பாதாம். என் வாயாலேயே ஒவ்வொன்றாகச் சொன்னேன். முடிவில் டொக்டர் ஆறுதலாகவும் ஒன்று சொன்னார். இந்த நோய் வந்தவர்களுக்குத் தள்ளிப் பார்க்கப் பழக்குவதற்கு நாங்கள் எவ்வளவோ பாடுபடுகிறோம், உங்கள் அண்ணா அதைத் தானே பழகி வைத்திருக்கிறார், அதிர்ஷ்டம் உள்ளவர் என்றார். அதையும் மொழிபெயர்த்தேன். அண்ணா கைகூப்பி, "நன்றி டொக்டர்" என்றார்.

படகு இப்போது மச்சாளின் தம்பியின் கையில். மச்சாள் என்னோடு கதைப்பதில்லை. போனால் கதிரையைத் தூக்கிப் போடுவார், தேத்தண்ணி தருவார், சீனி போதுமா என்றுகூடக் கேட்க மாட்டார். ஒரே ஒருமுறை, நான் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளிக்கிடும்போது, "அந்த ஊசியைப் போட்டிருந்தா அந்த நம்பிக்கையிலை அவர் இன்னும் கொஞ்ச நாளைக்குக் கடலுக்குப் போயிருப்பார்" என்றார். மச்சாள் சொன்னது உண்மை. பொய்யான படம் அவரைக் கெடுத்திருக்காது. உண்மையான படம் ஒரு மருந்தையும் கொண்டுவரவில்லை. பிறகு எதற்காக அளந்தேன்? தவறான காரணத்துக்கு மருந்து கொடுக்கக் கூடாது, இது பரம்பரையாக வருகிற நோய், மகனுக்கும் வரலாம் என்று தெரிந்திருக்க வேண்டும் என்றெல்லாம் டொக்டர் சொல்வார். எல்லாம் சரி. வேலையில் மற்றவர்களின் படத்தைப் பார்க்கும்போது எனக்கும் அவை சரியாகத்தான் படும். சல்லிக்குப் போய் அந்த முற்றத்தில் நிற்கும்போது ஒன்றும் சரியாகப் படுவதில்லை.

ஏனென்றால் அண்ணா தள்ளிப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். கண்ணை விட எனக்கு வயிறு எரிவது இதற்குத்தான். பரிசோதனைக்கு முந்தின நாள்வரை ஓரப் பார்வையால் படகு ஓட்டியவர், வழி நடந்தவர், மீனின் பருமனைச் சொன்னவர், இப்போது எதையும் நேரே மட்டும்தான் பார்க்கிறார். நோய் அவருக்கு விட்டுவைத்ததை அவரே வேண்டாம் என்று வைத்துவிட்டார். பேணியை எடுக்கக் கையை நீட்டித் தட்டிவிடுகிறார். முற்றத்துப் படியில் தடக்குகிறார். மச்சாள் கையைப் பிடித்துக் கூட்டிப் போகிறார்.

கடைசியாகப் போன மாலையில் அவர் கடலைப் பார்த்தபடி பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். மச்சாளின் தம்பி படகைக் கரைக்கு விட்டுக்கொண்டிருந்தான், கூடியிருந்தவர்கள் இழுக்கப் போனார்கள். அண்ணா அந்தப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, அசையாமல், நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தாங்கவில்லை.

"அண்ணா, கொஞ்சம் பக்கத்தாலை பாருங்கோ. படகு தெரியும்."

அவர் பார்வையை அசைக்கவில்லை.

"டொக்டரும் சொன்னவரெல்லோ? முந்திப் பாத்த மாதிரிப் பாருங்கோ. எனக்காக ஒருக்காப் பாருங்கோ அண்ணா."

"தள்ளிப் பாத்தா எல்லாம் இருக்கிற மாதிரித்தான் இருக்கும், தங்கச்சி" என்றார். குரலில் கோபம் இல்லை, அப்படி இருந்திருந்தால் நான் சண்டை பிடித்திருப்பேன். பிறகு என் குரல் வந்த பக்கம் திரும்பி, நான் நிற்கிற இடத்தை நேராகப் பார்த்தார். "நேரே பாக்கச் சொல்லி நீதானே சொன்னனி."